பெங்களூரு ஏரிக்கரையில் மோரி இடிந்தால்: மனு முதல் புதுக் குழாய் வரை

மழை ஓய்ந்த மறுநாள் ஏரிக்கரைச் சாலையில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி தெரியும். யாராவது மாநகராட்சியின் புகார் எண் 1533-க்குப் போன் போடுவார்கள். ஒரு டிராக்டர் வந்து கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே ஜல்லியும் தாரும் போட்டு மூடிவிட்டுப் போகும். புகார் முடிந்தது என்று மெசேஜும் வந்துவிடும். அடுத்த பெரிய மழைக்கு அதே இடத்தில் பக்கெட் அகலத்துக்குக் குழி.

அந்தக் குழி கீழிருந்து ஏறி வந்தது. கரைக்கு அடியில் போகும் குழாயை, அதாவது மோரியை, ஒட்டித் தண்ணீர் ஒரு வழி கண்டுபிடித்து, மண்ணைப் பிடி பிடியாக வெளியே எடுத்துக்கொண்டு போகிறது. மேலே கொட்டிய இடிபாடும் கொஞ்ச நாளில் அதே வழியில் போய்விடும். ஆகவே முதல் விதி: "சாலையில் பள்ளம்" என்று எங்கேயும் எழுதாதீர்கள், சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் உங்கள் மனு சாலைப் பிரிவுக்குப் போய் தாரோடு முடியும். கேட்க வேண்டியது, தண்ணீர் போகும் வழியைச் சரிசெய்யச் சொல்லி.

ராமமூர்த்தி நகர், கே.ஆர்.புரம், பேகூர், பொம்மனஹள்ளி என்று ஏரிகளை ஒட்டிய பகுதிகளுக்குக் குடிவந்து, அரசு அலுவலகப் படியேறிப் பழக்கமில்லாதவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். உங்களில் ஒருவர் பொறியாளராக இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இங்கே சொல்லும் கணக்கெல்லாம் பள்ளிக்கூடக் கணக்குத்தான்.

சொல் குழப்பம்

நம்மவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. நாம் ஏரி என்பதைக் கன்னடத்தில் கெரே என்பார்கள். நாம் கரை என்பதை அவர்கள் ஏரி என்பார்கள். "ஏரி உடைகிறது" என்று நீங்கள் சொன்னால் பொறியாளர் காதில் "கரை உடைகிறது" என்று விழும். அது சில நேரம் நல்லதுதான், ஆனால் மனுவில் இப்படிக் குழம்பக் கூடாது. கெரே, கெரே ஏரி என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். உபரி நீர் வழிந்து போகும் இடம் கோடி. நம் ஊரில் கலிங்கு, கலங்கல் என்போமே, அதுதான். பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் மதகு தூபு. நம் தூம்புக்கு அண்ணன் தம்பி. ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குப் போகும் பெரிய வாய்க்கால் ராஜகாலுவே. ஆக்கிரமிப்பு ஒத்துவரி.

மோரி என்ற சொல்லில் இன்னொரு சிக்கல் உண்டு. இந்த ஊரில் சாக்கடைக்கும் மோரிதான், சாலைக்கடியில் போகும் குழாய்ப் பாலத்துக்கும் மோரிதான். வெறும் மோரி என்றால் அடைப்பு எடுக்கும் ஆள்தான் வருவார். கெரே கோடியின் கல்வர்ட் என்று எழுதுங்கள்.

மோரி எப்படிச் சாகிறது

பெங்களூருவின் பழைய ஏரிகள் பாசனத்துக்காக வெட்டியவை. கருங்கல் பலகை அடுக்கிய தூபுகள் நூறாண்டு தாண்டியும் நிற்பதைப் பார்க்கலாம். கரை மேல் சாலை அகலமானபோது, அவற்றை நீட்டியோ மாற்றியோ சிமெண்ட் ஹியூம் குழாய் போட்டார்கள். தொல்லை பெரும்பாலும் அந்தக் குழாய்களில்தான்.

ஹியூம் குழாய் 2.5 மீட்டர் நீளத் துண்டுகளாக வரும். கரைக்கு அடியில் ஐந்து துண்டு போட்டால் நான்கு இணைப்பு. கீழே காங்கிரீட் படுக்கை இல்லாமல் வெறும் மண்ணில் வைத்திருந்தால் ஒரு துண்டு இறங்கும், இணைப்பு வாய் பிளக்கும். அந்தப் பிளவு வழியாகக் கரை மண் குழாய்க்குள் கொட்டத் தொடங்கும். கரை மேல் 12,000 லிட்டர் தண்ணீர் டேங்கர் ஓடினால் இது வேகமாகும். தண்ணீர் எடை மட்டும் 12 டன்.

இரண்டாவது வகைச் சாவு இதைவிட ஆபத்தானது. குழாய் நன்றாகவே இருக்கும். குழாய்க்கும் சுற்றியுள்ள மண்ணுக்கும் இடையில் சரியாகக் கெட்டிக்காமல் விட்ட இடுக்கில் தண்ணீர் நுழைந்து மறுபக்கம் வரும். முதலில் கசிவு, பிறகு சுண்டுவிரல் தடிமன், பிறகு ஒரே இரவில் கரை. கரை உடையும் நிகழ்வுகளில் கேட்கிற "நேற்றுக்கூட நல்லாத்தானே இருந்தது" என்ற பேச்சுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த வகைதான்.

மூன்றாவது, கழிவுநீர். ஏரிக்குள் சாக்கடை கலந்தால் குழாய்க்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு எழும். அது ஈரமான மேற்சுவரில் படிந்து கந்தக அமிலமாகி, காங்கிரீட்டைச் சுண்ணாம்புபோல் உதிரச் செய்யும். குழாயின் கூரையில் கம்பி தெரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். இந்த நிலையில் ஜலமண்டலிக்கும் (குடிநீர், கழிவுநீர் வாரியம்) தனியாக ஒரு மனு போக வேண்டும். சாக்கடை நிற்காவிட்டால் புதுக் குழாயும் அதே கதிக்கு வரும்.

நான்காவது, வெளிவாய் அரிப்பு. குழாயிலிருந்து கொட்டும் தண்ணீர் கீழே குழி பறித்து, குழாய் வாயைச் சுற்றிக் கட்டிய முகச்சுவரின் அடிவாரத்தை வெறுமையாக்கும். சுவர் சாயும், கடைசிக் குழாய்த் துண்டு கழன்று விழும். கண்ணுக்குத் தெரியும் சேதம் என்பதால் எல்லோரும் இதைத்தான் படம் எடுப்பார்கள். இந்த நான்கில் சரிசெய்ய எளிதானதும் இதுவே.

ஆதாரம் சேர்ப்பது

இரண்டு வெள்ளைக் கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏரிப் பக்கம் நிற்கும் தண்ணீரை ஒன்றில், கரையின் மறுபக்கம் கசியும் தண்ணீரை இன்னொன்றில் பிடியுங்கள். தேதி எழுதிய சீட்டு ஒட்டி, ஒரு ராத்திரி அசைக்காமல் வையுங்கள். காலையில் கசிவு நீர் பாட்டிலின் அடியில் செம்மண் படிந்து, ஏரி நீர் பாட்டிலில் படியாவிட்டால், அந்த மண் உங்கள் கரையிலிருந்து வந்தது. தெளிந்த கசிவு எல்லா மண் கரையிலும் கொஞ்சம் இருக்கும். கலங்கிய கசிவுதான் எச்சரிக்கை. வாரம் ஒரு ஜோடி பாட்டில், ஆறு வாரம். படிவின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஆறு ஜோடி பாட்டிலை வரிசையாக மேசையில் வைத்தால் பேசவே வேண்டாம். பொறியாளர்கள் போட்டோவைத் தள்ளிவிட்டுப் போவார்கள், இதைத் தள்ள மாட்டார்கள்.

அடுத்து, முகச்சுவர் விரிசலின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடும் தேதியும். அதோடு விரிசல் மேல் விரல் நீளத்துக்கு ஒயிட் சிமெண்ட் பூச்சு. பூச்சு வெடித்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். பழைய விரிசல் அப்படியே நின்றால் அவசரமில்லை.

சாலை மேல் குழிக்குச் சுற்றிலும் கடப்பாரையால் தட்டிப் பாருங்கள். வெற்றிடம் இருக்கும் இடத்தில் பானையைத் தட்டியது போலக் கேட்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். பல சமயம் குழி ஒரு அடிதான் இருக்கும், வட்டம் எட்டடி வரும். குழி விளிம்பில் நின்று தட்டாதீர்கள். வெளியிலிருந்து உள்நோக்கி வாருங்கள், ஒலி மாறிய இடத்தில் நில்லுங்கள்.

படங்களில் ஒவ்வொன்றிலும் ஒரு அளவு தெரிய வேண்டும்: டேப், செங்கல், ஒரு லிட்டர் பாட்டில், ஏதாவது. ஏரிப் பக்க வாய், வெளிவாய், கரைச் சாலை, குழி, கசிவு, கீழே உள்ள வீடுகள் என ஆறு படம் போதும். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை பதியும் கேமரா ஆப்பில் எடுத்தால் யாரும் இது எந்த ஏரி என்று கேட்க முடியாது.

ஒரு கண்டிப்பு. குழாய்க்குள் யாரும் இறங்கக் கூடாது, கூலிக்கு ஆளையும் இறக்கக் கூடாது. கழிவுநீர் வாயு இரண்டு மூச்சில் ஆளைச் சாய்க்கும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடையைச் சுத்தம் செய்ய மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. உள்ளே பார்க்க வேண்டுமானால் நீண்ட கம்பில் போனையும் டார்ச்சையும் கட்டி விடுங்கள். அது போதும்.

மழை நெருங்கிவிட்டால்

பெங்களூருவில் மழை உச்சம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, அதிலும் செப்டம்பர். 2022 செப்டம்பர் முதல் வாரத்தில் பெள்ளந்தூர், வெளிவட்டச் சாலைப் பகுதிகள் மூழ்கியதை இங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். கசிவு கலங்கியிருந்து மழைக்காலமும் நெருங்கினால் நிரந்தர வேலைக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று விஷயம் உடனே கேளுங்கள்.

கரைச் சாலையில் டேங்கர், குப்பை லாரி, காங்கிரீட் லாரி ஓட்டத்தை நிறுத்தச் சொல்லிப் போக்குவரத்துப் போலீஸுக்கு எழுத்தில் கொடுங்கள். ஏரி நீர்மட்டத்தை இறக்கச் சொல்லுங்கள். ஆனால் ஒரே நாளில் இறக்கக் கூடாது. நனைந்து கனத்த கரைக்கு முட்டுக் கொடுப்பது ஏரித் தண்ணீர். அது சட்டென்று இறங்கினால் கரையின் உட்சரிவு சரிந்துவிடும். நாளுக்கு ஒரு அடி போதும்.

மூன்றாவது, கசிவு வாய்க்கு வடிகட்டி. இங்கேதான் நல்ல மனசோடு செய்யும் பெரிய தவறு நடக்கிறது. தண்ணீர் கொப்பளிக்கும் வாயைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைப்பார்கள். தண்ணீர் உள்ளே அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிளக்கும். அடைக்காதீர்கள். மண்ணை நிறுத்தி, தண்ணீரைப் போகவிடுவதுதான் வேலை: முதலில் அரை அடி கரட்டு மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய கருங்கல், சுற்றி மணல் மூட்டை வளையம். தண்ணீர் தெளிந்து வரத் தொடங்கினால் சரியாகப் போட்டிருக்கிறது. இதையும் ஏரிப் பிரிவுப் பொறியாளருக்குச் சொல்லிவிட்டு அவர் முன்னிலையில் செய்வதே நல்லது. கர்நாடகத்தின் 2014-ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி கரையை வெட்டுவதும் கோடியின் உயரத்தைக் குறைப்பதும் குற்றம். "நாமே கொத்தனாரை வைத்து வெட்டிப் போட்டுவிடலாம்" என்ற யோசனை உங்களைத்தான் மாட்டிவிடும்.

ஆபத்து கண்முன் தெரிந்தால் மாவட்ட ஆட்சியருக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் ஆணையத்தின் தலைவர் அவர்தான்.

யாருடைய மோரி?

ஏரி ஒருவருடையது, கரை மேல் சாலை இன்னொருவருடையது, வெளிவாய்க்கு அப்பால் ராஜகாலுவே மூன்றாமவருடையது. மூவரும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். இதை உடைக்காமல் ஒரு ரூபாயும் வராது.

2025 மே மாதம் கிரேட்டர் பெங்களூரு ஆளுகைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பிபிஎம்பி என்ற ஒரே மாநகராட்சி போய் மத்திய, வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐந்து மாநகராட்சிகள் வந்தன. பழைய கோப்பு எண்கள் பிபிஎம்பி பெயரில் இருக்கும்; தூக்கிப் போடாமல் புது மனுவில் மேற்கோள் காட்டுங்கள். சில ஏரிகள் பிடிஏ (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்), சிறுபாசனத் துறை, வனத்துறை கையிலும், நகர எல்லைக்கு வெளியே இருப்பவை கிராம பஞ்சாயத்துக் கையிலும் இருக்கும்.

மோரி மேல் நின்று திஷாங்க் ஆப்பைத் திறங்கள். கர்நாடக அரசின் ஆப், நிற்கும் இடத்தின் சர்வே நம்பரைக் காட்டும். அந்த நம்பரை வைத்து அரசின் பூமி இணையதளத்தில் பஹணி என்ற நிலப் பதிவேட்டையும், நில அளவைத் துறையில் கிராம வரைபடத்தையும் எடுங்கள். கெரே, ராஜகாலுவே, பி கராபு (பொதுப் பயனுக்கு ஒதுக்கிய அரசு நிலம்) என்று எது எங்கே முடிகிறது என்பது அதில் தெரியும். ஒத்துவரி இருந்தாலும் அதில்தான் தெரியவரும்.

பிறகு ஒரு தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரு விஷயம்தான், 150 சொல்லுக்குள். இது தெரியாமல் மூன்று பக்கம் எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கேட்க வேண்டியது மூன்றே வரி: இந்த சர்வே நம்பரில் உள்ள கல்வர்ட்டைப் பராமரிக்கும் பிரிவு எது, கடைசியாக எந்த ஆண்டு என்ன வேலை, எவ்வளவு செலவில் நடந்தது, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகத்தின் பிரதி. பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மூன்று துறைக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். "எங்களுடையது இல்லை" என்று இருவர் எழுத்தில் தந்துவிட்டால் மூன்றாமவருக்கு ஓட இடமில்லை.

மனு

ஒரே பக்கம். கன்னடத்தில். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் சங்கடப்பட வேண்டாம், தெருவில் கன்னடம் எழுதும் பக்கத்து வீட்டார் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவரை முதல் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பள்ளப் பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்து மேட்டுப் பக்கத்தாரின் கையெழுத்தைவிடக் கனமானது, மூழ்கப்போவது அவர்கள் வீடுதான். மொழி, தெரு, வாடகைக்காரர், சொந்தக்காரர் என்று பிரிந்து இரண்டு மனு போனால் இரண்டும் தூங்கும்.

முதல் வரியில் ஏரியின் பெயர், சர்வே நம்பர், வார்டு, இடக்குறி. இரண்டாவது பத்தியில் நீங்கள் கண்டது: கலங்கிய கசிவு, எத்தனை வாரம், படிவு எத்தனை மி.மீ., வெற்றிட வட்டம் எத்தனை அடி. மூன்றாவதில் கரைக்குக் கீழே இருப்பது: இத்தனை வீடு, அங்கன்வாடி, டிரான்ஸ்பார்மர். கடைசியில் கேட்பது மூன்று: உடனடிப் பாதுகாப்பு, மூன்று துறையும் சேர்ந்த கூட்டு ஆய்வுக்குத் தேதி, மதிப்பீடு. "விரைந்து நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் பதில் சொல்லத் தேவையில்லாத மனுவாகிவிடும். தேதி கேட்டால் ஒரு பதிலாவது வரும்.

உதவிப் பொறியாளரிடம் கையில் கொடுத்தால் அது மனு இல்லை, காகிதம். தபால் பிரிவில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை, தேதி, உள்வரவு எண் மூன்றும் வாங்குங்கள். எண் இல்லாத முத்திரையால் பயனில்லை. வார்டு கமிட்டிக் கூட்டத்திலும் இதைப் பேசி நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றுங்கள்.

குழாய் எவ்வளவு பெரியதாக வேண்டும்?

மதிப்பீட்டில் "பழைய அளவிலேயே மாற்று" என்று எழுதிவிடுவது வழக்கம். பழைய குழாய் போட்டபோது மேலே வயலும் தோப்பும் இருந்தன. இப்போது கூரையும் காங்கிரீட்டும். மழை ஊறாமல் நேரே ஏரிக்கு வருகிறது. நீங்களே ஒரு முரட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நீர்வரத்துப் பரப்பு ஹெக்டேரில், மழை மணிக்கு எத்தனை மி.மீ., வழிந்தோடும் பங்கு. மூன்றையும் பெருக்கி 360-ஆல் வகுத்தால் விநாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று வரும். 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர். மணிக்கு 60 மி.மீ. மழை, கட்டடம் நிறைந்த பகுதி என்பதால் பங்கு 0.7. விடை சுமார் 4.7 கன மீட்டர். 900 மி.மீ. குழாய் ஒன்று விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் முழுதாக ஓடினாலும் சுமார் 1.27 கன மீட்டர்தான் கொண்டுபோகும். 600 மி.மீ. குழாய் அதில் பாதிகூட இல்லை, 0.57. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பெட்டி மோரி ஒன்றே 4.5 கொண்டுபோகும். ஏரி காலியாக இருந்தால் வெள்ளத்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்ளும்; கோடி வரை நிரம்பிய ஏரியில் அந்த வசதி மிகக் குறைவு. இந்தத் தாளை ஆய்வின்போது பொறியாளரிடம் நீட்டுங்கள். உங்கள் விடையை அவர் ஏற்க வேண்டியதில்லை, தன் கணக்கைக் காட்ட வேண்டும். அவ்வளவு போதும்.

இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. பெரிய மோரி என்றால் கீழே உள்ளவர்களுக்குப் பெரிய தண்ணீர். கோரமங்கலா–சல்லகட்டா, ஹெப்பால் பள்ளத்தாக்குகளின் ஏரிகள் சங்கிலியாகத் தொடுத்தவை. அந்தத் தண்ணீர் தட்சிண பினாகினியில் கலந்து, தென்பெண்ணையாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் நம் ஊருக்கே வருகிறது. உங்கள் வெளிவாய்க்குக் கீழே ராஜகாலுவே குறுகியிருந்தால் அதை அகலப்படுத்துவதும் அதே மதிப்பீட்டில் சேர வேண்டும். கீழ்த்தெருக்காரர்களை முதலிலேயே கூட்டத்துக்கு அழையுங்கள்.

வெட்டாமல் சரிசெய்யும் வழி ஒன்று சொல்வார்கள்: பழைய குழாய்க்குள் சின்ன ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாயைச் செருகி, இடைவெளியில் சிமெண்ட் பால் ஏற்றுவது. சாலையை மூட வேண்டியதில்லை என்பதால் கவர்ச்சியான யோசனை. 900-க்குள் 750 செருகினால் பரப்பில் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள். முக்கியமாக, கசிவு குழாய்க்கு வெளியே ஓடினால் உள்ளே புது உறை போட்டு என்ன பயன்? உங்கள் பாட்டில் சோதனையில் மண் வந்திருந்தால், வெட்டி எடுத்து மாற்றுவதையே கேளுங்கள் என்பது எங்கள் கருத்து.

பணம்

முதல் வாசல் துறையின் சொந்த நிதி. பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் முடிவாகும். வேலை நடக்க வேண்டியது ஜனவரி முதல் ஏப்ரல் வரை, நீர்மட்டம் இறங்கியிருக்கும் காலத்தில். பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்: மழைக்காலத்தில் ஆதாரமும் மனுவும், அக்டோபர், நவம்பரில் கூட்டு ஆய்வும் மதிப்பீடும். பிறகு தொழில்நுட்ப ஒப்புதல், நிர்வாக ஒப்புதல், டெண்டர். மார்ச்சில் மனு கொடுத்து ஜூனுக்குள் மோரி எதிர்பார்ப்பது நடக்காது. அவசரமாகச் செய்தால் மே மாத இடிமழையில் வெட்டிய கரையோடு மாட்டிக்கொள்வீர்கள்.

இரண்டாவது, தொகுதி நிதி. எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் உண்டு; எம்.எல்.ஏ.வுக்கும் தனியாக உண்டு. இந்தப் பணம் யார் கையிலும் வராது, மாவட்ட நிர்வாகம் வழியாகச் செயல்படுத்தும் துறைக்குப் போகும். நிலையான பொதுச் சொத்து உருவாக்கத்தான் இது. எனவே துரஸ்தி (பழுதுபார்ப்பு) என்று எழுதாமல், செய்யப்போவது உண்மையில் புதுக் கட்டுமானம் என்றால் "புதிய பெட்டி மோரி கட்டுதல்" என்றே எழுதுங்கள். துறையின் மதிப்பீட்டை இணைத்துக் கொண்டுபோனவரும் வெறுங்கையோடு போனவரும் ஒன்றல்ல. இவ்வளவு தொகை, இந்தத் துறை செய்யும், நிலம் அரசுடையது என்று மூன்று வரியில் சொல்ல முடிந்தால் பரிந்துரைக் கடிதம் அங்கேயே டைப் ஆகும்.

மூன்றாவது, கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவிட வேண்டும். சுற்றுச்சூழல் அந்தப் பட்டியலில் உண்டு, ஏரியைச் சுற்றி ஐடி பூங்காக்களுக்கும் பஞ்சமில்லை. ஆனால் உங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நேரடியாகத் தர மாட்டார்கள். பணம் வாங்கிச் செயல்படுத்தும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவும், கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். அப்படி ஏற்கனவே ஏரி வேலை செய்யும் அறக்கட்டளையோடு சேருங்கள், மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். கம்பெனிகளுக்கு நடைபாதையும் பெயர்ப்பலகையும் பிடிக்கும். கரைக்கு அடியில் புதையும் குழாய் பிடிக்காது. முழு ஏரித் திட்டத்தோடு சேர்த்து, மோரி வேலை முடிந்த பிறகே நடைபாதைக்குப் பணம் விடுவது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வீடு வீடாக வசூல் செய்வதை மட்ட அளவை, மண் பரிசோதனை, வரைபடம் இவற்றோடு நிறுத்துங்கள். ரசீது, வங்கிக் கணக்கு, மாதக் கணக்கு நோட்டீஸ் மூன்றும் இருக்கட்டும். மோரிக்கே வசூல் செய்தால், "மக்களே கட்டிக்கொள்கிறார்கள்" என்று துறை கையைக் கழுவும்.

வேலை நடக்கும்போது

டெண்டர் முடிந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். மோரி மண்ணுக்குள் போய்விடும் வேலை. மூடிய பிறகு பார்க்க முடியாது. தினமும் இருவர், முறை வைத்து.

வெட்டுவதற்கு முன் மின்சாரம், ஜலமண்டலி, இணையக் கேபிள் எங்கே போகின்றன என்று சோதனைக் குழி எடுக்க வேண்டும். ஏரிப் பக்கம் மணல் மூட்டைத் தடுப்பு, தண்ணீரைத் திருப்ப பம்பு, அது நின்றால் மாற்றுப் பம்பு. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்துக்குச் சரிவோ முட்டோ இல்லாமல் ஆள் இறங்கக் கூடாது. ஒப்பந்தக்காரர் கோபித்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள், கீழே நிற்பது நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்.

பழைய குழாயை முழுதாக எடுக்க வேண்டும். ஒரு துண்டை உள்ளேயே விட்டால் அதுவே அடுத்த கசிவு வழி. எடுக்கவே முடியாத துண்டென்றால் காங்கிரீட் நிரப்ப வேண்டும்.

குழாய் என்றால் மேலே ஐஎஸ்ஐ முத்திரையும், எவ்வளவு பளு தாங்கும் வகை என்பதைக் காட்டும் என்பி3 அல்லது என்பி4 என்ற எழுத்தும் இருக்க வேண்டும். என்பி2 இறங்கினால் லாரி திரும்பிப் போகட்டும், அது கன வாகனம் ஓடும் சாலைக்கு ஆகாது. ஐந்து துண்டு, 12.5 மீட்டர், 100-க்கு 1 சாய்வு என்றால் உள்வாய்க்கும் வெளிவாய்க்கும் 125 மி.மீ. வித்தியாசம். கொத்தனாரின் டியூப் லெவலால் நீங்களே பார்த்துவிடலாம். உள்வாயின் அடிமட்டம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அரை அடி உயர்த்தி வைத்தால் ஏரி மட்டம் அரை அடி ஏறும், மேல் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வரும். குழாய் முதுகுக்கு மேல் சாலை வரை 600 மி.மீ.க்குக் குறையாத மண் வேண்டும்.

சிமெண்ட் கணக்கு ஒரு உதாரணம்: 900 மி.மீ. குழாய்க்கு 1.9 மீட்டர் அகலம், 150 மி.மீ. தடிமன், 12.5 மீட்டர் நீளம் படுக்கை, சுமார் 3.6 கன மீட்டர். மூன்று மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் உயரம், 300 மி.மீ. தடிமனில் இரண்டு முகச்சுவர், இன்னொரு 3.6. மொத்தம் 7.2. எம்20 தரக் காங்கிரீட் கலவையில் கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை என்றால் 57, 58 மூட்டை. தளத்தில் 35 மூட்டைதான் இறங்கியது என்றால் கேள்வி கேளுங்கள். தண்ணீர் அடியில் புகாமல் தடுக்கும் கட்-ஆஃப் சுவரும் வெளிவாய்க் கல் தளமும் இதற்கு மேல் தனி. தரைக்குக் கீழே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இறங்கும் இந்தக் கட்-ஆஃப் சுவர்தான் பெரும்பாலும் காணாமல் போகும் உருப்படி. மண் மூடுவதற்கு முன் டேப் வைத்துப் படம் எடுங்கள்.

ரெடிமிக்ஸ் லாரி வந்தால் சீட்டில் ஏற்றிய நேரம் பாருங்கள். வெளிவட்டச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் தாண்டிய லாரியில் தண்ணீர் ஊற்றி இளக்குவார்கள், அனுமதிக்காதீர்கள். 150 மி.மீ. காங்கிரீட் கட்டிகள் மூன்றுக்குக் குறையாமல் பிடித்து 28 நாள் வலிமைச் சோதனை முடிவைக் கேளுங்கள். குறைந்தது ஒரு வாரம் ஈரச் சாக்கு காயக் கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியம் மண் நிரப்புவது. அடியில் ஆரம்பித்த கசிவு மறுபடி வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. கட்டட இடிபாடு ஒரு கூடைகூட வேண்டாம். களி கலந்த செம்மண், கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரம், அரை அடி அடுக்கு, குழாயின் இரு பக்கமும் ஒரே உயரத்தில். ஒவ்வொரு அடுக்கும் ராம்மர் மிஷினால் இடிக்க வேண்டும். ஜேசிபி பக்கெட்டால் தட்டுவது கெட்டிப்பாகாது, மேலே மட்டும் இறுகி உள்ளே பஞ்சாக இருக்கும். வெளிவாயை ஒட்டிக் குழாயைச் சுற்றி மணல்-ஜல்லி வடிகட்டி அடுக்கும் மதிப்பீட்டில் இருக்கட்டும். கசிவு வந்தாலும் மண் வராமல் பிடிக்கும். ஆய்வகச் சோதனையில் 95 சதவீதக் கெட்டிப்பு வந்ததா என்று கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உள்வாய்க்குக் குப்பைத் தடுப்புக் கம்பி வைக்கும்போது செங்குத்தாக, வலைக்கண் சிறிதாக வைக்க விடாதீர்கள். மீன் ஏலம் எடுத்தவர்கள் மீன் போகாமலிருக்க நெருக்கமான வலை கட்டக் கேட்பார்கள். ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் ஒரே மழையில் அதை அடைத்து, தண்ணீர் கரை ஏறும். கம்பிகள் 100 முதல் 150 மி.மீ. இடைவெளியில், சாய்வாக, குழாய் வாயைப்போல் மூன்று நான்கு மடங்கு பரப்பில், மேலே நின்று வாரி எடுக்க ஒரு நடைமேடையோடு.

கடைசி பில் போகும் முன் அளவுப் புத்தகப் பிரதி வாங்கி, நீங்கள் எடுத்த படங்களோடு ஒப்பிடுங்கள். ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதி வரை என்று குறித்து, அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே மறுபடி பாட்டில் சோதனையைத் தொடங்குங்கள். அந்தக் காலத்துக்குள் கலங்கல் தெரிந்தால் சரிசெய்யும் செலவு ஒப்பந்தக்காரருடையது.